பிழை: சைபர்

வலது தோளில் ஆரம்பித்து முழங்கை வழியாகச் சுண்டுவிரல் வரை ஒரு வலி இறங்கும். இருபத்திரண்டு வருஷமாக ஈரப் பலகையைத் திருப்பிப் போட்டதற்கு மர ஆலை எனக்குக் கொடுத்தது அது. அந்தச் சனிக்கிழமை காலை தலை வாரக் கை மேலே போகவில்லை. இடது கையால் வாரிக்கொண்டேன். ஆனால் சின்னத் திருப்புளியை எடுத்து லேப்டாப்பின் அடித்தட்டைக் கழற்ற உட்கார்ந்ததும் அதே வலது கை ஆடாமல் அசையாமல் பதினோரு திருகாணியையும் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்தது. பலகைக்கு ஒரு கை, திருகாணிக்கு ஒரு கை என்று உடம்பு தனித்தனியாக எடுத்து வைத்திருக்கிறதோ என்னவோ.

அன்றைக்குள் அந்த லேப்டாப் ஒரு மணி நேரம் பிழையில்லாமல் ஓடியாக வேண்டும். ஓடினால் என் மகளோடு கிறிஸ்துமஸ். ஓடாவிட்டால் கொதிகலனோடு.

எங்கள் ஆலையில் பலகையை உலர்த்தும் அறைகளுக்கு நெருப்பு நிற்கக் கூடாது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பன்றித்தொடை வேகவைக்கிற கிறிஸ்துமஸ் முந்தின நாளிலும் ஒருவர் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை கொதிகலன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எங்களுக்கு அந்த முந்தின நாள்தான் பண்டிகை. மறுநாள் வெறும் தூக்கம். யார் இருப்பது என்று மேஸ்திரியின் தலைக்கவசத்தில் பெயரெழுதிய மரச் சில்லுகளைப் போட்டுக் குலுக்குவோம். நவம்பர் கடைசியில் குலுக்கினார்கள். என் சில்லு வந்தது.

அது வந்து நாலாம் நாள் அலீசா போன் செய்தாள். அவள் துர்க்குத் துறைமுகத்திலிருந்து ஸ்வீடனுக்குப் போகும் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறாள். பண்டிகை என்றால் கப்பலில் கூட்டம். மூன்று வருஷமாக வரவில்லை.

"அம்மா, லீவு கெடச்சிடுச்சு. ஒரே ஒரு நாள்தான். கூட வேலை பாக்கறவ வடக்க வீட்டுக்குப் போறா, அவ காருல வரேன். இருபத்திநாலு காலைல எட்டு மணிக்கு வாசல்ல நிப்பேன். மறுநாள் விடியறதுக்குள்ள திரும்பி வந்து ஏத்திக்கிட்டுப் போயிடுவா."

"வா" என்றேன்.

மறுநாள் காபி அறையில் தைஸ்தோவிடம் சொன்னேன். தைஸ்தோவுக்கு ரம்பத்தில் வேலை. ஐம்பத்தாறு வயது, சோடாபுட்டிக் கண்ணாடி, காதில் எப்போதும் மரத்தூள். ஆலையில் லேப்டாப்பின் வேகத்தை ஏற்றிப் பார்க்கிற பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்கும்தான். அவனுடைய அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். யாருடைய லேப்டாப், நினைவகம் எந்த வேகம், எத்தனை நேரம், பிழை எத்தனை. பத்து வரியில் எட்டு அவனுடையது.

"பாவம்மா நீ" என்றான் தைஸ்தோ. "இந்த வருஷம் கொதிகலனுக்கு ஊட்டி விடணும்."

"நீ என் பதிலுக்கு நில்லேன்யா."

"நிக்கலாம். சும்மா எதுக்கு நிக்கணும்?"

"என்ன வேணும்?"

அவன் காபியை ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். "மெமரி வேகத்தை மூவாயிரத்து எண்ணூறு வரைக்கும் ஏத்திட்டேன்னு போன மாசம் பீத்திக்கிட்டியே. மூவாயிரத்து இருநூறுக்குச் செஞ்ச மெமரி அது. ஒரு மணி நேரம் பிழை இல்லாம ஓட்டிக் காட்டு, உன் பதிலுக்கு நான் நிக்கறேன். ஓடலைன்னா நடுக்கோடைத் திருநாள் முறை எனக்கு விழுந்திருக்குல்ல, அதையும் சேத்து நீ நில்லு."

"பீத்திக்கலை. ஓடிச்சு."

"எவ்வளவு நேரம்?"

"பதினெட்டு நிமிஷம்."

காபி அறையே சிரித்தது. லேப்டாப் என்றால் என்னவென்று தெரியாத எத்வார்துகூட ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"விதி என்ன?" என்றேன்.

"விதி தெரியாதா உனக்கு? காத்தும் வானிலையும் குடுக்கற குளிர்தான். கடையில வாங்கின வாயு கிடையாது. ஒரு மணி நேரம். பிழை சைபர். கடைசி எண்ணை சாட்சி பாக்கணும். சாட்சி நான்."

கை கொடுத்துக்கொண்டோம். எங்கள் ஊரில் அதற்கு மேல் எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

*

நினைவகம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அது மறதிக்காரப் பொருள். உள்ளே கோடிக்கணக்கில் நுண்ணிய குழிகள். குழிக்கு ஒரு துளி மின்சாரம். அந்தத் துளி கசிந்துகொண்டே இருக்கும். முழுக்கக் கசிவதற்குள் கணினி ஒவ்வொரு வரிசையாக வந்து, நீ இதுதான், நீ இதுதான் என்று திரும்ப நிரப்பிவிட்டுப் போகும். நொடிக்குப் பல தடவை, விடாமல். அப்படி நினைவூட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறு வேலை நடக்காது. அந்த இடைவெளியை இழுத்து நீட்டினால் வேகம் கூடும். நான் செய்திருந்தது அதைத்தான். நினைவூட்டாமல் விட்டுவைக்கும் நேரத்தை எட்டு மடங்கு நீட்டியிருந்தேன்.

சூடாக இருந்தால் துளி சீக்கிரம் கசியும். குளிர்ந்தால் மெல்ல. பதினெட்டாவது நிமிஷத்தில் என் சமையலறை மேசைமேல் அது நாற்பத்தாறு டிகிரியைத் தொட்டது, மறந்தது. பன்னிரண்டு டிகிரியில் வைத்தால் மறக்கவே மறக்காது என்று எனக்குத் தோன்றியது. குளிரில் மறதி மந்தமாகும் என்று முதல் தடவை படித்த அன்றைக்கு ஜன்னலோரம் ரொம்ப நேரம் நின்றேன். வெளியே ஏரி உறைந்து கிடந்தது. எதையோ மறக்காமல் பிடித்து வைத்திருப்பதுபோல் கிடந்தது.

குளிருக்கு எங்களிடம் பஞ்சமில்லை. சனிக்கிழமை மைனஸ் இருபத்திநாலு. டிசம்பரில் எங்கள் பக்கத்தில் சூரியன் மரங்களுக்கு மேலே தலை காட்டாது. உச்சிப் பொழுதில் இரண்டு மணி நேரம் போல எல்லாம் நீலமாகும். பனி நீலம், புகை நீலம், மனிதன் முகம் நீலம். அந்த நேரத்தில் நடந்தால் நிலத்தில் நடக்கிறோமா, தண்ணீருக்கடியில் நடக்கிறோமா என்று தெரியாது. நாய்கூடக் குரைக்காது.

லேப்டாப்பை எங்கே வைப்பது என்று யோசித்தேன். வீட்டு வாசலில் விறகு அடுக்கியிருந்தது. ஏரிக்கரையில் ஆவிக்குளியல் போடுகிற சௌனாக் குடிசையின் தாழ்வாரம்தான் சரி. மேலே கூரை, மூன்று பக்கம் காற்று மறைப்பு, கிணற்று மோட்டாருக்காகப் போட்ட மின்சாரமும் அங்கே இருந்தது.

பழைய செம்புத் தகட்டை வெட்டி நினைவகச் சில்லுகள்மேல் அழுத்தி ஒட்டினேன். பேட்டரியைக் கழற்றிச் சமையலறையில் வைத்தேன். குளிரில் அது செத்துப்போகும். வெடித்த விரல்களுக்குப் பூசுகிற வாஸலின் டப்பாவைத் திறந்து, செம்பைச் சுற்றியும் செருகும் இடங்களிலும் தடவினேன், ஈரம் பட்டாலும் இறங்காமல் இருக்க. கொஞ்சம் என் விரல்களுக்கும் தடவிக்கொண்டேன். பிறகு பாதி விரித்த புத்தகத்தை நிறுத்துவதுபோல் லேப்டாப்பைப் பக்கவாட்டில் இரண்டு விறகுத் துண்டுகளின் நடுவே நிறுத்தினேன். திரையில் எழுத்து நேராகத் தெரியும்படி திருப்பிக்கொண்டேன். திரை பெஞ்சைப் பார்த்து இருந்தது, சாட்சி உட்கார்ந்து பார்க்க வேண்டுமே. திறந்து கிடந்த முதுகு சௌனாக் கதவைப் பார்த்து இருந்தது.

இதைத்தான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தேன். முதுகு கதவைப் பார்த்து இருந்தது.

சௌனாவில் விறகு எரிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை, ஒருவன் மதியம் வீட்டுக்கு வருகிறான். சௌனா மூட்டாமல் இருந்தால் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாக அர்த்தம். வாஸலின் வரைக்கும் யோசித்தவள், இதை யோசிக்கவில்லை. மூச்சு விடுவதை யார் யோசிப்பார்கள்?

*

தைஸ்தோ பனிச்சறுக்குக் கட்டைகளில் ஏரியைக் குறுக்கே கடந்து வந்தான். நீலத்தில் முதலில் ஒரு புள்ளி, அப்புறம் ஒரு ஆள், அப்புறம் மூக்கில் தொங்கும் பனிக்கட்டி.

"சிர்க்கு இதைக் குடுத்தா" என்று தன் மனைவி பண்டிகைக்கு வேகவைத்துக் கொடுத்த முள்ளங்கிப் பொதியை நீட்டினான். "பந்தயத்துல தோத்தா அழுதுக்கிட்டே சாப்பிடச் சொன்னா."

"யாரை?"

"அதைச் சொல்லலை."

லேப்டாப்பைச் சுற்றி வந்து பார்த்தான். செம்பைத் தட்டினான். வாஸலினை விரலால் தொட்டு மோந்தான். "கை க்ரீமா? உன் லேப்டாப்புக்கும் வெடிப்பா?"

"கையை எடுய்யா."

சோதனையை ஓட்டினேன். நிரல் நினைவகத்தின் ஒவ்வொரு குழியிலும் எழுதும், கொஞ்சம் பொறுத்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று போய்ப் பார்க்கும். திரையில் நாலே எண்கள்: நேரம், சுற்று, சூடு, பிழை. மைனஸ் இருபத்திநாலில் திரையும் மந்தமாகிவிடும். எண் மாறும்போது பழைய எண் உடனே போகாது. கரைந்துகொண்டே இருக்கும், அதற்குள்ளிருந்து புது எண் மெல்ல எழுந்து வரும். பதினொன்றுக்குள் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குள் பதினொன்று. ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்குள் பனி பெய்வதுபோல் இருக்கும்.

"பன்னெண்டு டிகிரி" என்று தைஸ்தோ தலையாட்டினான். "மோசமில்லை. நான் உள்ள போறேன். கடைசில வரேன். நீ இங்கயே உக்காந்து உறைஞ்சு போ."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கல்மேல் தண்ணீர் ஊற்றும் சத்தம் சுவர் வழியாக ஒரு பெருமூச்சாக வந்தது.

நான் ஆட்டுத்தோலை விரித்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். தோள் வலி குளிரில் முதலில் குத்தியது, அப்புறம் வேறு யாருடையதோ போல விலகிப் போனது. ஏரியில் பனிக்கட்டி எங்கேயோ விரிசல் விட்டு ஒரு நீண்ட ஓசை எழுப்பியது, ஒரு கரையில் ஆரம்பித்து மறு கரையில் முடிந்தது. பத்து நிமிஷம். பிழை சைபர். பதினெட்டு தாண்டியது. சைபர். முப்பது.

அலீசா சின்னவளாக இருக்கும்போது இந்தத் தாழ்வாரத்தில்தான் ஈர முடி உறைந்து நிற்கும் வரைக்கும் நின்று, அதை ஒடித்து ஒடித்துப் பார்ப்பாள். அவள் முகத்தை நினைத்தேன். நினைத்தால் மூன்று வருஷத்துக்கு முந்தைய முகம் வந்தது. அதற்கு முந்தைய முகம் வந்தது. இப்போதைய முகம் வரவில்லை. போனில் பார்த்த முகம் முகமா? ஒரு மனிதரை எத்தனை நாளைக்கு ஒரு தடவை நேரில் பார்த்து நீ இதுதான் என்று நிரப்பிக்கொள்ள வேண்டும்? யாரும் சொல்லித் தரவில்லை. இடைவெளியை நீட்டிக்கொண்டே போயிருக்கிறோம். நாற்பத்தைந்து நிமிஷம். பன்னிரண்டு டிகிரி. சைபர். விசிறி ஓடும் சத்தம் தூரத்தில் ஒரு ரயில் போவதுபோல் இருந்தது. அவள் அதில் வந்துகொண்டிருப்பதுபோலவும் இருந்தது. காரில்தானே வருகிறாள் என்று நானே என்னைத் திருத்திக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டாவது நிமிஷத்தில் சௌனாக் கதவு திறந்தது.

"கதவை மூடுய்யா!"

"மூடறேன், மூடறேன். என்னம்மா, கரடி வந்தாப்ல கத்தற!"

கடைசிச் சொம்புத் தண்ணீரைக் கல்மேல் கொட்டிவிட்டு, வெந்த உடம்போடு தாழ்வாரத்தில் வந்து நின்று ஆறுவது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். தைஸ்தோ அதைத்தான் செய்தான். இடுப்பில் ஒரு துண்டு, மூக்கில் கண்ணாடி, இறால் போலச் சிவந்த உடம்பு. அவனோடு சேர்ந்து உள்ளிருந்த ஆவி மொத்தமும் ஒரு வெள்ளை மலையாக வெளியே உருண்டது. நீலத்தில் அந்த வெள்ளை எழுந்து, திரண்டு, கூரையைத் தொட்டு, இறங்கி, லேப்டாப்பின் திறந்த முதுகை அப்படியே மூடிக்கொண்டது. அவன் முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் புகை போய்க்கொண்டே இருந்தது. ஒரு கணம் மனிதனும் இல்லை, குடிசையும் இல்லை, வெண்மை மட்டும் இருந்தது. அவ்வளவு அழகாக எதையும் நான் அதற்கு முன் வெறுத்ததில்லை.

வெண்மைக்குள் திரை தெரிந்தது. பன்னிரண்டுக்குள்ளிருந்து பத்தொன்பது எழுந்தது. பத்தொன்பதுக்குள் இருபத்தேழு. ஆவி செம்பின்மேல் தண்ணீராகப் படிந்து தன் சூட்டை எல்லாம் அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு. நான் ஆட்டுத்தோலைப் பிடுங்கி நடுவில் மறைத்தேன். நாற்பத்தாறு. அப்புறம் இறங்கியது. நாற்பது. முப்பத்தொன்று. நேரம் ஐம்பத்தொன்பது நிமிஷம் ஐம்பது விநாடி.

பிழை என்று எழுதியிருந்த இடத்தில் சைபர் இருந்தது. ஆனால் அது கரையத் தொடங்கியிருந்தது. அதன் நடுவே நேராக ஒரு கோடு, பனிக்குள் நட்ட குச்சி போல, மெல்ல, மெல்ல.

அறுபது. நிரல் நின்றது.

"முடிஞ்சுதா?" என்றான் தைஸ்தோ. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, படிந்தது அப்படியே உறைந்து, இரண்டு வெள்ளை வட்டமாக என்னைப் பார்த்தது. "எனக்கு ஒரு மண்ணும் தெரியலை. நீயே படி. எவ்வளவு?"

சைபர் முக்கால்வாசி போயிருந்தது. ஒன்று முக்கால்வாசி வந்திருந்தது.

"சைபர்" என்றேன்.

"சைபரா?"

"சைபர்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துண்டின் ஓரத்தில் துடைக்க ஆரம்பித்தான். அவன் துடைத்து முடிப்பதற்குள் நான் மின் பொத்தானை அழுத்திவிட்டேன். தண்ணீர் இறங்கிவிடும், உடனே அணைக்க வேண்டும் என்றேன். அதுவும் உண்மைதான்.

"அணைச்சிட்டியா? சரி சரி, பாவம், நனைஞ்சிருக்கும்" என்றான். "நான்தான் புத்தி இல்லாம ஆவியோட வந்து நின்னுட்டேன். என் ஆவியையும் தாங்கிட்டு ஓடியிருக்கே! மூவாயிரத்து எண்ணூறு!" ஈரமும் வெந்நீர்ச் சூடுமாக இருந்த கையை நீட்டினான். நான் பிடித்துக் குலுக்கினேன். வலது கைதான். தோள் வலித்தது.

அவன் விடவில்லை. "மார்கெத்தா, ஒண்ணே ஒண்ணு. கிறிஸ்துமஸ் முந்தின நாள் காலைல நான் ஓலவி கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏத்துவேன். அவன் போனதுல இருந்து ஒரு வருஷம்கூடத் தப்பினதில்லை. இந்தத் தடவை வேலைக்கு முன்னாடி, காலைல ஆறு மணிக்குள்ள போக முடியாது, சாயங்காலம் ஆறுக்கு அப்புறம் பாதையில பனியை வழிச்சு வைக்க மாட்டாங்க. என் தம்பிதானேன்னு ஒரு மெழுகுவத்தி ஏத்திடு, என்ன?"

"ஏத்தறேன்."

"பெருசா வாங்கு. அவனுக்குச் சின்னது பிடிக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தான். முள்ளங்கிப் பொதியை எடுத்து என் கையில் வைத்தான். "நியாயமாப் பாத்தா, அழுதுக்கிட்டே சாப்பிட வேண்டியது நான்தான். நீ சிரிச்சுக்கிட்டே சாப்பிடு."

*

அலீசா எட்டு மணிக்கு வாசலில் நின்றாள். முகம் ஒடுங்கியிருந்தது, இடது புருவத்தில் எண்ணெய் தெறித்த புதுத் தழும்பு. பார்த்தவுடன் நிரம்பிக்கொண்டது. பழைய முகம் கரைந்து இது எழுந்து வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது, அவ்வளவுதான்.

நீல நேரத்தில் இருவரும் கல்லறைக்குப் போனோம். பனிக்குள் நூற்றுக்கணக்கில் சுடர்கள். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு குழியை உருக்கிக்கொண்டு, குழிக்குள் உட்கார்ந்துகொண்டு எரிந்தது. ஓலவியின் கல்லில் பனியைக் கையால் வழித்து, இருப்பதில் பெரியதை ஏற்றினேன்.

"யாரும்மா இது?" என்றாள்.

"தைஸ்தோவோட தம்பி."

"தைஸ்தோ ஏன் வரலை?"

"வேலைல இருக்கான்."

ஏரிக்கு அப்பால் ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. நேராக ஒரு புகை.

அந்தப் பிழையை அவனுடைய ஆவிதான் கொண்டுவந்தது, என் மெமரி அதுவரைக்கும் சுத்தமாக ஓடியது என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தாயிற்று. வாதம் நிற்காது. தாழ்வாரத்தில் வைத்தவள் நான். சௌனா மூட்டியவள் நான். முதுகைக் கதவுக்குக் காட்டியவள் நான். படிக்கச் சொன்னபோது உள்ளபடி படிக்காதவளும் நான். அவன் அலமாரிக் கதவில் பதினோராவது வரி இன்னும் இருக்கிறது, அவன் கையெழுத்தில்: மார்கெத்தா, 3800, ஒரு மணி, பிழை 0.

அடுத்த நவம்பரில் தலைக்கவசத்தில் தைஸ்தோவின் சில்லு விழுந்தது. நான் நிற்கிறேன் என்றேன்.

"நீ எதுக்கு?" என்றான். "சும்மா நிக்க உனக்கு என்ன தலையெழுத்தா? பந்தயம்னா ஒரு பேச்சு."

காரணம் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பான். நான் சொல்லவில்லை. இரண்டு வருஷம் தொடர்ந்து அவன் அந்தக் கொதிகலன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தைஸ்தோவுக்கு நான் ஒரு கிறிஸ்துமஸ் முந்தின நாள் தர வேண்டும். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, பன்னிரண்டு மணி நேரம். இன்னும் தரவில்லை.